ஐசிகேட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழி

ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அண்ணா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் மூன்றாம் வருடம், மின் மற்றும் இலத்திரனியல். கிழமை நாட்களில் அறிவியல் நகரில், கிழமைக் கடைசியில் மானிப்பாய் வீட்டில். சிப் வடிவமைப்பில் சரியான விருப்பம். ஐசிகேட் (ICCAD) என்று ஒரு மாநாடு ஒவ்வொரு வருடமும் நடக்கிறதாம். அதில் என்னதான் நடக்கும்? எங்களைப் போன்றவர்களுக்கு அதற்குள் போக வழி ஏதும் இருக்கிறதா, இல்லை பெரிய பல்கலைக்கழக ஆட்களுக்கு மட்டும்தானா?"

வழி இருக்கிறது, தங்கச்சி. கட்டுரை எழுதி, விசா எடுத்து, பிளேன் ஏறுவதெல்லாம் கடைசிப் படி. முதல் படி, இந்தத் துறைக்காரர் இருபது வருடமாகப் பொதுவில் போட்டு வைத்திருக்கும் கணக்குகளைச் செய்து பார்ப்பது. உயர்தரப் பரீட்சைக்கு ரியூசன் வாங்கில் இருந்து பாஸ்ட் பேப்பர் செய்தோமே, அதே மாதிரி. நான் சிப்புக்குள் செல்களை, அதாவது தர்க்கக் கதவுகள் போன்ற சிறு துண்டுகளை, அடுக்கும் மென்பொருளில்தான் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். இப்போது கொக்குவிலில் வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் இந்த மாநாடு ஏன் வந்தது என்று பார்ப்போம். 1971ல் இன்டெல் வெளியிட்ட 4004 சிப்பில் ஏறக்குறைய 2,300 திரான்சிஸ்டர்கள். அதை மனிதர்கள் கையால் வரைந்தார்கள், கண்ணால் சரிபார்த்தார்கள். 2020ல் வந்த அப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி திரான்சிஸ்டர்கள். ஒருவர் செக்கனுக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினாலே முடிக்க ஐந்நூறு வருடம் போகும். ஆகவே சிப்பை வடிவமைப்பதற்கே மென்பொருள் தேவைப்படுகிறது. அந்த மென்பொருளைக் கண்டுபிடிக்கும் துறைக்கு இலத்திரனியல் வடிவமைப்புத் தன்னியக்கம் என்று பெயர், துறைக்குள் எல்லாரும் சுருக்கமாக இடிஏ என்பார்கள்.

இந்தத் துறையின் மூத்த மாநாடு டாக் (DAC). 1964ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றியில் ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கியது. நடத்தியது ஷேர் என்ற கணினிப் பயனர் சங்கம். அந்தப் பெயரின் விரிவே, ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் திரும்பச் செய்யாமல் தடுக்க உதவும் சங்கம் என்பதுதான். அதை வளர்த்தெடுத்தவர்கள் பற் பிஸ்டிலியும் மாரி பிஸ்டிலியும். இந்தத் துறையில் உழைத்த பெண்களுக்கு மாரியின் பெயரில் ஒரு விருது இருக்கிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்கில் 1984 முதல் கம்பனிகளின் கண்காட்சியும் சேர்ந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1983ல், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் ஐசிகேட் தொடங்கியது. இதில் கடைவிரிப்பு இல்லை. கட்டுரை, கேள்வி, விவாதம் இவ்வளவுதான். வழமையாக நவம்பரை ஒட்டி நடக்கும். நெடுங்காலம் சன் ஹோசேயை விட்டு அசையவில்லை. அண்மைக் காலத்தில் இடம் மாறுகிறது, 2025ல் மியூனிக்கில் நடந்தது.

இந்த இரண்டோடு ஐரோப்பாவில் டேட், 1998 முதல். ஆசியாவில் ஏஎஸ்பி-டாக், 1995 முதல், இப்போது ஜனவரியில். இந்தியாவில் 1985ல் சிறு பட்டறையாகத் தொடங்கி இன்று பெரிதாக நிற்கும் விஎல்எஸ்ஐ டிசைன் மாநாடு. சிப்புக்குள் பொருட்களை அடுக்குவதையும் இணைப்பதையும் மட்டும் பேசும் ஐஎஸ்பிடி என்ற சிறிய கருத்தரங்கும் உண்டு, 1997 முதல். இந்த ஐஎஸ்பிடிதான் உங்களுக்கு நல்ல வாசல் என்று நான் நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐசிகேட் என்ற இதே சுருக்கப் பெயரில் கட்டுப்பாட்டுப் பொறியியல் பக்கத்திலும் ஒரு மாநாடு இருக்கிறது. அது வேறு துறை. தேடும்போது ஏசிஎம், ஐஇஇஇ என்ற இரண்டு தொழில்முறைச் சங்கங்களும் சேர்ந்து நடத்துவதா என்று பாருங்கள். அதோடு, ஒரு கட்டுரை வெளிவந்த கையோடு "உங்கள் ஆய்வு எங்களைக் கவர்ந்தது, ஒரு கிழமையில் முடிவு சொல்கிறோம்" என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். காசுக்காக நடக்கும் மாநாடுகள் அவை. திறமையான பிள்ளைகள் இரண்டு பேர் அப்படிக் காசு கட்டி ஏமாந்ததை நேரில் பார்த்தேன். ஒரு கிழமையில் ஒரு கட்டுரையை வடிவாக வாசித்து முடிக்க எவராலும் இயலாது.

சரி, உள்ளே என்னதான் கதைக்கிறார்கள்?

ஒரு சிப்பை நீங்கள் வெரிலொக் என்ற வன்பொருள் விபரிப்பு மொழியில் எழுதுகிறீர்கள். அதைத் தர்க்கக் கதவுகளாக மாற்றுவது ஒரு கட்டம், அவற்றைச் சிலிக்கன் துண்டில் எங்கெங்கே வைப்பது என்று தீர்மானிப்பது இன்னொரு கட்டம். பிறகு கம்பி இழுக்க வேண்டும், சமிக்ஞை நேரத்துக்கு வந்து சேர்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும், எழுதியதும் வந்ததும் ஒன்றுதானா என்று நிறுவ வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு கணிதப் புதிர். அநேகமானவை முழுமையான விடையை எந்தக் கணினியாலும் நியாயமான நேரத்தில் தர முடியாத வகையைச் சேர்ந்தவை. ஆகவே நல்ல விடைக்கு எவ்வளவு கிட்டப் போகிறோம், எவ்வளவு கெதியாகப் போகிறோம் என்பதுதான் போட்டி. மாநாடு முழுக்க இதுதான் பேச்சு.

ஒரு கட்டத்தை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம்: அடுக்குதல், ஆங்கிலத்தில் பிளேஸ்மென்ட்.

மூன்று செல்களை ஒரு கம்பி இணைக்கிறது என்று வையுங்கள். ஒன்று (2, 3) என்ற புள்ளியில், மற்றது (7, 5)ல், மூன்றாவது (4, 9)ல். கம்பியின் உண்மையான நீளம் இன்னும் தெரியாது, இழுத்தால்தான் தெரியும். ஆனால் ஒரு மதிப்பீடு செய்யலாம். மூன்றையும் சுற்றி ஒரு செவ்வகம் போடுங்கள். கிடையாக 2 முதல் 7 வரை, அகலம் 5. நிலைக்குத்தாக 3 முதல் 9 வரை, உயரம் 6. கூட்டினால் 11. அரைச் சுற்றளவு என்று இதைச் சொல்வார்கள். சிப்பில் உள்ள எல்லாக் கம்பிகளுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் ஒரே ஒரு எண் வரும். அந்த எண்ணைக் குறைக்க வேண்டும், செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. கேள்வி அவ்வளவுதான், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இதை அடக்க அறுபது வருடமாக ஆட்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

அரைச் சுற்றளவு முழு உண்மையைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் வரைபடத்தில் அரைக் கட்டை தூரம் இருக்கிற இடத்துக்கு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றித்தான் போய்ச் சேர வேண்டும். சிப்பிலும் அதே கதைதான். ஒரு இடத்தில் எல்லாக் கம்பிகளும் நெருக்கினால் பிந்தி வருவது சுற்றிக்கொண்டு போகும், நீளம் கூடும், சமிக்ஞை பிந்தும். ஆகவே நெரிசலையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்கும் வழிகளுக்கென்றே ஐசிகேட்டில் வருடாவருடம் கட்டுரைகள் வருகின்றன.

முதலில் வந்த நல்ல யோசனைகளில் ஒன்று: ஒவ்வொரு கம்பியையும் ஒரு றப்பர் பட்டி என்று நினைப்பது. எல்லாப் பட்டிகளும் இழுக்க, செல்கள் எங்கே சமநிலைக்கு வரும் என்று பார்த்தால் அது ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டுத் தொகுதி. தீர்த்துவிடலாம். நான் முதன்முதல் இதை எழுதி ஓடவிட்டபோது திரையில் வந்ததை இன்னும் மறக்கவில்லை: இரண்டு லட்சம் செல்களும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டாகக் குவிந்து கிடந்தன. கணக்கு பிழையில்லை. றப்பர் பட்டி இழுக்கும், தள்ளாது. ஓரத்தில் அசையாமல் நிற்கும் சில முனைகளைத் தவிர, ஒருவரை ஒருவர் விலக்கிவைக்க எதுவும் இல்லை.

விலக்க என்ன செய்யலாம்? 2014ல் டாக்கில் ஈபிளேஸ் என்ற ஒரு வேலை வந்தது, சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து. ஒவ்வொரு செல்லையும் ஒரு நேர் மின்னேற்றம் என்று வைத்தார்கள். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். செல் நெருக்கமான இடத்தில் மின்னழுத்தம் உயரும், அழுத்தம் குறைந்த வெற்றிடத்தை நோக்கிச் செல்கள் நகரும். உயர்தரப் பௌதிகவியலில் நாங்கள் மனப்பாடம் பண்ணின நிலைமின்னியல்தான் இது, தங்கச்சி! றப்பர் பட்டி இழுக்கிறது, மின்னேற்றம் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் சிப் மெல்ல மெல்ல விரிகிறது. 2019ல் டாக்கில் சிறந்த கட்டுரை விருது பெற்ற டிரீம்பிளேஸ் இதே கணிதத்தை எடுத்து, செல்களின் இருப்பிடங்களை நரம்பு வலையமைப்பின் எடைகள் மாதிரிப் பாவித்து, நரம்பு வலையமைப்புகளுக்கான பைடோர்ச் என்ற கருவியில் எழுதி, கிராபிக்ஸ் சிப்பில் ஓட்டியது. ஒஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் என்விடியாவும் சேர்ந்து செய்த வேலை. அதுவரை முன்னணியில் இருந்த கருவியைவிட 30 மடங்குக்கு மேல் வேகம், தரமும் குறையவில்லை. அதன் மூலநிரல் முழுக்க கிட்ஹப்பில் கிடக்கிறது. மானிப்பாயில் இருந்தபடி இன்றிரவே இறக்கலாம்.

இனி பாஸ்ட் பேப்பர் விசயத்துக்கு வருவோம், ஐஎஸ்பிடி நல்ல வாசல் என்றதற்குக் காரணமும் இதுதான். 2005ல் ஐஎஸ்பிடி ஒரு அடுக்குதல் போட்டி வைத்தது. ஐபிஎம் தன் உண்மையான சிப்களிலிருந்து எட்டு மின்சுற்றுகளைக் கொடுத்தது: அடப்டெக் என்ற பெயரில் நாலு, பிக்புளூ என்ற பெயரில் நாலு. சிறியது அடப்டெக்1, அதில் 2 லட்சத்து 11 ஆயிரம் சொச்சம் பொருட்கள். பெரியது பிக்புளூ4, ஏறக்குறைய 21.8 லட்சம். எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒன்றைத் திறந்தால் வரிக்கு ஒரு செல், அதன் பெயர், அகலம், உயரம். இன்னொன்றில் எந்தக் கம்பி எந்தெந்தச் செல்களைத் தொடுகிறது என்ற பட்டியல். மற்றொன்றில் நீங்கள் விடையாக நிரப்ப வேண்டிய ஆள்கூறுகள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த எட்டுச் சுற்றுக்கும் யார் யார் என்ன எண் எடுத்தார்கள் என்பது கட்டுரைகளில் அட்டவணையாக வந்துகொண்டே இருக்கிறது. கேள்வித்தாளும் இருக்கிறது, புள்ளியிடும் திட்டமும் இருக்கிறது, போன வருடங்களில் முதல் வந்தவர்களின் புள்ளிகளும் இருக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகம், எந்த நாடு என்று அந்த எண் கேட்பதில்லை.

ஐசிகேட்டுக்கும் இப்படி ஒரு போட்டி உண்டு. 2012 முதல் ஒவ்வொரு வருடமும், தாய்வான்காரர் முன்னின்று நடத்துவது. கேள்விகளைத் துறையில் உள்ள கம்பனிகளே தருகின்றன. ஆண்டின் முற்பகுதியில் கேள்வி வெளியாகும், இடையில் உங்கள் நிரலை அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம், முடிவை மாநாட்டில் அறிவிப்பார்கள். பழைய கேள்விகளெல்லாம் இணையத்தில் இருக்கின்றன. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு அணியாகப் பதியுங்கள். முதல் வருடம் இடம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அரை வருடம் அந்தக் கேள்வியோடு கிடந்து எழும்பினால் நாலு பாடநெறி படித்ததற்குச் சமன்.

நான் இதைத் தலைகீழாகச் செய்துதான் படித்தேன். என்னுடைய முதல் கட்டுரையை இத்தகைய ஒரு மாநாட்டுக்கு அனுப்பியபோது, சோதனைச் சுற்றுகளை நானே உருவாக்கியிருந்தேன். எனக்குத் தெரிந்த சில சிறிய வடிவமைப்புகள், அதில் என் முறை நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்று நடுவர்களும் ஒரே விசயத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: பொதுச் சுற்றுகளில் ஏன் ஓட்டிக் காட்டவில்லை? நிராகரிப்பு. கோபத்தோடு அடப்டெக்1ஐ எடுத்து ஓட்டிப் பார்த்தேன். என் முறை, பத்து வருடத்துக்கு முந்திய கருவியிடம் தோற்றது. அந்த நடுவர்கள் எனக்குச் செய்த உதவி பெரிது.

2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது நான் பிக்புளூ4ஐ என் சொந்த நிரலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் லப்டொப்பில் ஆறு மணித்தியாலம் எடுக்கும். பற்றரி இரண்டரை மணித்தியாலம்தான் நிற்கும். ஆகவே கணக்கின் ஒவ்வொரு 20 அடிக்கும் ஒருமுறை செல்களின் இருப்பிடங்களைக் கோப்பில் எழுதி வைத்து, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற மாதிரி நிரலை மாற்றினேன். தொடங்கிய ஒவ்வொரு முறையும் கம்பி நீளத்தின் வரைகோடு ஒரு தடவை துள்ளி விழுந்தது. இடையில் நிற்காமல் ஓடியதைவிட விடையும் மோசம். இரண்டு இரவு விளக்கு வெளிச்சத்தில் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. நான் பாவித்தது நெஸ்டெரொவ் முறை, அடி அடியாக நல்ல விடையை நோக்கி நகர்வது. அது இப்போது நிற்கும் இடத்தை மட்டும் வைத்து அடுத்த அடியை எடுத்துவைப்பதில்லை. முந்திய அடி எங்கே இருந்தது, எவ்வளவு நீளம் என்பதும் அதற்கு வேண்டும். நான் சேமித்தது இருப்பிடத்தை மட்டும். ஓடிவருகிற ஆளை நிறுத்தி, அதே இடத்தில் அசையாமல் நிற்கவைத்துத் திரும்ப ஓடச் சொன்ன மாதிரி. முந்திய அடியையும் சேர்த்துச் சேமித்ததும் வரைகோடு ஒட்டிக்கொண்டது. அந்த முறையைப் பற்றி நான் வாசித்த எல்லாவற்றையும்விட அந்த இரண்டு இரவும்தான் எனக்கு அதை விளங்கவைத்தன.

"ஆனால் நான் இன்னும் பட்டதாரி கூட இல்லையே" என்று நினைப்பீர்கள். அதற்கு ஒரு உண்மைக் கதை. 1994ல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் ஒரு பிழை வெளிவந்தது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டொலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு, ஒரு சுற்று சரியானது என்று கணித முறையில் நிறுவும் வழிகளில் கம்பனிகளின் அக்கறை பலமடங்கு கூடியது. அந்த நிறுவலின் அடியில் இருக்கும் கேள்விக்கு சாற் என்று பெயர்: ஆம், இல்லை என்ற இரண்டு பெறுமானம் மட்டும் எடுக்கும் ஆயிரக்கணக்கான மாறிகள், அவற்றின் மேல் ஆயிரக்கணக்கான நிபந்தனைகள். எல்லா நிபந்தனையையும் ஒரே நேரத்தில் திருப்தி செய்ய முடியுமா? 2001ல் டாக்கில் சாஃப் என்ற ஒரு நிரலைப் பற்றிய கட்டுரை வந்தது. பிரின்ஸ்டனில் பேராசிரியர் சரத் மாலிக்கின் குழுவில் செய்த வேலை. அதன் முதல் இரண்டு ஆசிரியர்களான மொஸ்கேவிச்சும் மடிகனும் அந்த வேலையைச் செய்தபோது இளமாணி மாணவர்கள்.

அவர்கள் செய்தது என்ன? நிரலின் நேரம் எங்கே போகிறது என்று அளந்தார்கள். ஒரு மாறிக்குப் பெறுமானம் கொடுத்ததும் அது வரும் எல்லா நிபந்தனைகளையும் தட்டிப் பார்ப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போனது. அவர்களின் யோசனை: ஒரு நிபந்தனையில் ஐம்பது மாறிகள் இருந்தாலும், இன்னும் பொய்யாகாத இரண்டில் மட்டும் கண் வைத்திருந்தால் போதும். அந்த இரண்டும் நிற்கும்வரை அந்த நிபந்தனையால் அவசரம் ஒன்றும் வராது, மற்ற நாற்பத்தெட்டும் எப்படிப் போனாலும் அதைத் தொடத் தேவையில்லை. அந்த இரண்டில் ஒன்று விழும்போது மட்டும் எழும்பி வேறொன்றைத் தேடினால் சரி. தேர்முட்டியில் கட்டையோடு நிற்கிறவர் மாதிரி, தேர் தன் பக்கம் சரியும்போதுதான் அவருக்கு வேலை. இன்றைய சாற் தீர்ப்பான்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த யோசனை இருக்கிறது. அதற்குப் பெரிய கணிதம் ஒன்றும் தேவைப்படவில்லை. நிரலைப் பொறுமையாக அளந்து பார்க்கும் பழக்கம் தேவைப்பட்டது. அந்தப் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதை யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டிகளில் மென்பொருள் செய்து காட்டுகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். சிப் பக்கம் திரும்புகிறவர்கள்தான் குறைவு.

கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். சினொப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் மூன்றின் மென்பொருள்களும் விலையானவை, பல்கலைக்கழக உரிமம் இல்லாவிட்டால் தொட முடியாது. அது தடையில்லை, இலவசமான திறந்த கருவிகள் இருக்கின்றன. யோசிஸ் தர்க்கக் கதவுகளாக மாற்றும். ஓபன்ரோட் அடுக்கும், கம்பி இழுக்கும். 2018ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா கொடுத்த பணத்தில், ஆன்ட்ரூ காங் தலைமையில் தொடங்கிய திட்டம் அது, மனிதர் கைவைக்காமல் 24 மணித்தியாலத்தில் ஒரு சிப்பின் வரைபடம் என்பது அதன் இலக்கு. ஸ்கைவாட்டர் என்ற தொழிற்சாலையின் 130 நனோமீற்றர் தயாரிப்பு விபரங்களை 2020ல் கூகுளோடு சேர்ந்து எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்க என்ஜிஸ்பைஸ். அதன் மூலமான ஸ்பைஸ் 1970களில் பேர்க்லியில் எழுதப்பட்டு எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. லினக்ஸ் உள்ள, 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய லப்டொப் ஒன்று போதும். திறந்த கருவிகளுக்கென்றே வோசெற் என்ற பட்டறை 2018ல் ஐசிகேட்டை ஒட்டித் தொடங்கியது. முதல் எழுத்துக்கு அது பெரிய மாநாட்டைவிட இலகுவான இடம்.

கட்டுரை நடுவர் முறை: உங்கள் பெயரும் பல்கலைக்கழகமும் நடுவருக்குத் தெரியாது, நடுவரை உங்களுக்குத் தெரியாது. அனுப்புவதில் நான்கில் ஒன்று அல்லது அதற்கும் குறைவுதான் உள்ளே போகும். எங்கள் பக்கத்தில் சில விரிவுரையாளர்கள் "மாநாட்டுக் கட்டுரைதானே, சஞ்சிகை என்றால்தான் மதிப்பு" என்பார்கள். பல துறைகளில் அது சரி. இடிஏயில் அப்படியில்லை. புதிய யோசனைகள் டாக்கிலும் ஐசிகேட்டிலும்தான் முதலில் வரும், சஞ்சிகைக்கு விரித்து எழுதுவது பிறகு. உங்கள் மேற்பார்வையாளருக்கு இதைப் பணிவாக, அந்த மாநாட்டின் ஏற்பு வீதத்தைக் காட்டி விளங்கப்படுத்துங்கள்.

காசுக் கதை. ஏற்ற ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் ஒருவர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், பல நூறு டொலர். இலங்கைக் காசில் மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். ஆகவே அனுப்பும் முன்பே வழி தேடுங்கள். ஏசிஎம் சங்கத்தின் இடிஏ பிரிவான சிக்டாவும் ஐஇஇஇயின் இடிஏ சபையும் மாணவர்களுக்குப் பயண உதவி தருகின்றன. டாக்கில் இளம் மாணவர் திட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குக் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கவும் தேவையில்லை. அமெரிக்க விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம், நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், ஏற்புக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் இந்தியாவின் விஎல்எஸ்ஐ டிசைன் மாநாடு ஜனவரியில் நகரம் மாறி மாறி நடக்கிறது. பலாலியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை, அங்கிருந்து ரயில். மாநாட்டுக்கென்று தனி விசா வகை இருக்கிறது, சுற்றுலா விசாவில் போய்ச் சிக்கலில் மாட்டவேண்டாம். அதற்கும் முன்பு மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் மேர்கொன் மாநாட்டில் ஒரு தடவை எழுந்து நின்று பேசிப் பாருங்கள். கேள்விக்குப் பதில் சொல்லும் பயம் அங்கேயே பாதி போய்விடும்.

நேரில் போகிறபோது ஒன்று மட்டும் கவனியுங்கள். பேச்சு இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அதைப் பிறகு கட்டுரையாகவும் வாசிக்கலாம். தேத்தண்ணி இடைவேளைதான் முக்கியம். நான் ஆறு மாதம் மண்டையை உடைத்த ஒரு விசயத்தை, அந்தக் கருவியை எழுதியவரே கோப்பைத் தட்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். அவர் பெயர் கட்டுரைகளில் பெரிய பெயர். "எங்கிருந்து வருகிறீர்?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். எங்கே என்று கேட்டு, வரைபடத்தில் பார்த்துவிட்டு, திரும்பவும் கணக்குக்குள் இறங்கிவிட்டார்.

இந்த மாதத்துக்கு உங்களுக்கு நான் தரும் வேலை இதுதான். அடப்டெக்1ஐ இறக்குங்கள். கோப்புகளை வாசிக்கும் நிரலைப் பைத்தனில் நீங்களே எழுதுங்கள், மற்றவர் எழுதியதைப் பாவிக்க வேண்டாம். அரைச் சுற்றளவைக் கணக்கிடுங்கள். றப்பர் பட்டி முறையை எழுதி அந்தக் கறுப்புப் பொட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு எப்படியாவது அதை விரித்து, வரிசைகளில் உட்காரவைத்து ஒரு எண் எடுங்கள். இன்றைய நல்ல கருவிகள் அந்தச் சுற்றுக்கு 7.3 கோடி அளவில் நிற்கின்றன. உங்களுக்கு 7 கோடிக்குக் கீழே வந்தால், செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள், அநேகமாக அதுதான் காரணம். 12 கோடி வந்தால் கோப்பை எனக்கு அனுப்புங்கள், எந்த மூலையில் நீளம் கூடுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.